முட்டு ஜவ்வும் முப்புரிக் கயிறும்

தூத்தூர் முதல் நீரோடி வரையிலான குமரிக் கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் நடை பழகிய கையோடு பந்து உதைக்கப் பழகிவிடுகிறார்கள். சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்காக ஆடிய பலர் இங்கிருந்து சென்றவர்களே. இத்தகைய ஊர்களில் ஆட்டத்தை முடித்துவைக்கும் சொல், ‘முட்டுல ஜவ்வு கிழிஞ்சு போச்சு’ என்பது. அண்ணனுக்குக் கிழிந்த அதே ஜவ்வு சில ஆண்டுகளில் தம்பிக்கும் கிழிந்தால், ‘பரம்பரையா வருதோ’ என்று வீட்டார் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி.

கிழிவது பெரும்பாலும் ஏசிஎல் எனப்படும் முன் குறுக்கு ஜவ்வு. முழங்கால் மூட்டுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் இதன் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். எதிராளி மோதித்தான் இது கிழியும் என்பதில்லை; ஏறக்குறைய 70 சதவீதக் கிழிசல்கள், ஓடியவர் சட்டென நின்று திரும்பும்போதோ, எம்பிக் குதித்துத் தரையில் கால் ஊன்றும்போதோ, பாதம் பதிந்திருக்க முட்டு உள்பக்கம் சாய்வதால் நேர்பவை.

இந்த ஜவ்வின் பெரும்பகுதி முதல்வகைக் கொலாஜன் என்னும் புரதம். தென்னந்தும்பைக் கயிறாகத் திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, பின்பு மூன்று புரிகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அப்படியே: இடப்புறம் முறுக்கிய மூன்று சங்கிலிகள் வலப்புறமாகப் பின்னிக்கொள்கின்றன. அவற்றில் இரண்டை 17ஆம் குரோமோசோமில் உள்ள சிஓஎல்1ஏ1 மரபணுவும், ஒன்றை 7ஆம் குரோமோசோமில் உள்ள சிஓஎல்1ஏ2 மரபணுவும் தருகின்றன.

சிஓஎல்1ஏ1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஓரிடத்தில் சிலருக்கு ‘ஜி’ என்ற டிஎன்ஏ எழுத்தும் சிலருக்கு ‘டி’ என்ற எழுத்தும் அமைகின்றன. ‘டி’ இருந்தால் மரபணுவை முடுக்கிவிடும் ஒரு புரதம் அங்கே இறுகப் பற்றிக்கொள்வதால், முதல் சங்கிலி அளவுக்கு மேல் உருவாகி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு குலைகிறது. இந்த மாற்றம் எலும்பு முறிவோடு தொடர்புடையதாக முன்பே அறியப்பட்டது. ஆனால் 2008இல் சுவீடனிலும் 2009இல் தென்னாப்பிரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகளில், பெற்றோர் இருவரிடமிருந்தும் ‘டி’ பெற்ற அரிதானவர்கள், ஜவ்வு கிழிந்தோரிடையே எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தார்கள். எலும்பில் குறையாகும் எழுத்து ஜவ்வில் காப்பாகத் தோன்றுவது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இழைகளின் தடிமனை ஒழுங்குபடுத்தும் சிஓஎல்5ஏ1 மரபணுவின் ஒரு வடிவமும் பெண் வீரர்களிடையே இதுபோன்ற தொடர்பைக் காட்டியது.

சுவீடனில் 88,000க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, இந்தக் கிழிசலின் மரபுப் பங்கு சுமார் 69 சதவீதம் என்று கணித்தது. இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவருடைய கிழிசலில் 69 சதவீதத்தை மரபணு செய்தது என்பது இதன் பொருள் அல்ல. அந்த மக்களிடையே ஒருவருக்குக் கிழிவதும் மற்றவருக்குக் கிழியாததுமான வேறுபாட்டில் அவ்வளவு பங்கை மரபு விளக்குகிறது என்பதே பொருள். அதிலும் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. ஜவ்வு தங்கும் எலும்புப் பள்ளத்தின் அகலம், கீழ்க்கால் எலும்பு மேற்பரப்பின் சரிவு போன்றவற்றுக்கும் இதில் இடமுண்டு. ஆகவே, எச்சிலை அனுப்பிப் பெறும் மரபணு அறிக்கையைக் கொண்டு ஒரு பிள்ளையை ஆட்டத்திலிருந்து நிறுத்துவது அநியாயம் என்றே கருதுகிறேன்.

அண்ணனுக்கோ அம்மாவுக்கோ ஜவ்வு கிழிந்ததுண்டா என்று கேட்பதற்குச் செலவே இல்லை. கால்பந்திலும் கூடைப்பந்திலும் பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால், சிறுமிகளிடம் அந்தக் கேள்வி இன்னும் அவசியம். ‘உண்டு’ என்ற பதில் வந்தால், ஆபத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாகக் கண்டறியப்பட்டுள்ள தாவல், சமநிலை, தொடைப் பின்தசைப் பயிற்சிகளை அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் விடாமல் கொடுக்கலாம். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முட்டு பாதவிரல்களுக்கு நேராக மடிகிறதா, உள்ளே சாய்கிறதா என்று பயிற்சியாளர் முன்னால் நின்று கவனிக்க வேண்டும்.