உள்ளடக்கிய விளையாட்டா, சேர்விளையாட்டா?

யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் முறை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் விளையாட்டுக்காக யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968-இல் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு, 1989-இல் இதை முறைப்படி கொண்டுவந்தது. லத்தீனில் ‘ஊனுஸ்’ ஒன்று, ‘ஃபாகெரே’ செய்தல். ஒன்றாக்கிய விளையாட்டு என்பது நேர்ப்பொருள். வேரில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் தமிழில்தான்.

அழைப்பிதழ், சான்றிதழ், செய்தித் தலைப்பு, எதை எடுத்தாலும் ‘உள்ளடக்கிய விளையாட்டு’ என்றே இருக்கிறது. ஆங்கில மூலத்தில் பக்கத்து வரியில் ‘இன்க்ளூசிவ்’ (யாரையும் விலக்காத) என்ற சொல் கிடக்கும். அதற்கான பெயர்ப்பை எடுத்து இதன் தலையிலும் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர்ப்பே தவறு என்பது அடுத்த சங்கடம்.

உள்ளடக்கு என்ற வினைக்கு எழுவாய் கொள்கலன். ‘இந்நூல் பத்துக் கட்டுரைகளை உள்ளடக்கியது’ என்கிறோம். நூல் அடக்குகிறது, கட்டுரைகள் அடங்கிக் கிடக்கின்றன. ‘இவர்களை உள்ளடக்கிய விளையாட்டு’ என்றால் ஆடுகிறவர் செயப்படுபொருளாகிவிடுகிறார். ஓடுவதும் பந்தை அடிப்பதும் அந்தச் சொல்லுக்குள் எங்கே? ‘உள்ளடக்கம்’ என்று பெயராக்கினாலோ இன்னும் மோசம்: அது புத்தகத்துக்கும் இணையதளத்துக்கும் என்றோ போய்விட்ட சொல். அடக்குமுறையும் நல்லடக்கமும் அதே அடியில் பிறந்தவை. காலங்காலமாக வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்டவர்களுக்கு மைதானம் திறக்கும்போது, அதற்கு இந்த அடியிலிருந்தா பெயர் வைப்பது? லத்தீன் ‘இன்க்ளூதெரே’யும் உள்ளே வைத்து அடைத்தல்தான் என்று வாதாடுவோர் உண்டு. இருக்கட்டும், அந்தக் குறையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

‘ஒருங்கிணைந்த விளையாட்டு’ இவ்வளவு கெட்டதல்ல. ஆனால் ஒருங்கிணைப்புக் குழு, ஒருங்கிணைப்பாளர் என்று அலுவலக வாசனை ஏறிவிட்டது. கேட்பவருக்குப் பல போட்டிகளை ஒரே இடத்தில் நடத்துவது போலத் தோன்றும்.

தமிழ்க் குழந்தைகளிடம் இந்தச் சிக்கலே இல்லை. ‘என்னையும் ஆட்டத்துல சேத்துக்கிறீங்களா?’ என்றுதான் கேட்கிறார்கள். சேர்த்துக்கொண்டும் கணக்கில் எடுக்காத பிள்ளைக்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றொரு பெயரும் உண்டு. அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் பிடியில்லை. கால் ஊனமுற்றவரைக் குறிக்கும் சொல்லே கணக்கில் வராதவனுக்குப் பெயரானது வலிக்கிறது. அந்தச் சொல்லைக் கைவிடலாம். அது காட்டும் வேறுபாட்டை விடக்கூடாது. உள்ளடக்கியாயிற்று என்று சொல்லப்படும் பல போட்டிகளில் நடப்பது இதுதான். குறைபாடுள்ள வீரர் ஓரத்தில் நிற்பார், பந்தே வராது. கடைசி நிமிடத்தில் எதிரணியினர் ஒதுங்கி நின்று அவரை ஒரு கோல் போடவிடுவார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். அவர் ஆடவே இல்லை.

இதைத் தடுக்கத்தான் யூனிஃபைடு ஸ்போர்ட்ஸ் விதிகள். களத்தில் வாலிபால் என்றால் குறைபாடுள்ள வீரர் 3, குறைபாடற்ற சகவீரர் 3. கூடைப்பந்தில் 3, 2. பதினொருவர் கால்பந்தில் 6, 5. குறைபாடுள்ள வீரர் ஒருவர் வெளியேறினால் சகவீரரை இறக்கி எண்ணிக்கையை மீற முடியாது. போட்டிப் பிரிவில் வீரரும் சகவீரரும் வயதிலும் திறனிலும் ஒத்திருக்க வேண்டும். திறன் மிக்க ஒருவரைச் சகவீரராக எடுத்தால் புள்ளிகள் எல்லாம் அவர் கையிலேயே போகும், மற்றவர்கள் பார்வையாளர்கள். அப்படிப்பட்டவர் வழிகாட்டியாக ஆடுவதற்கு வீரர் வளர்ச்சிப் பிரிவு தனியாக இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்ப்பைப் போடும் மொழிபெயர்ப்பாளர், விதிப்புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள்.

ஆகவே என் தேர்வு ‘சேர்விளையாட்டு’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: சேர்ந்த, சேர்கின்ற, சேரும் விளையாட்டு. உள்ளடக்கு பிறவினை, இங்கே சேர் தன்வினை. யாரும் யாரையும் சேர்ப்பதில்லை, இருவருமே சேர்கிறார்கள். ‘இதெல்லாம் கணக்கில் சேர்த்தியா?’ என்னும்போது வருகிற, பொருட்படுத்தத்தக்கது என்ற பொருளும் இதே அடியில் உண்டு. ‘சேர்ந்தாடல்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் குழு நடனம் என்று நினைத்துவிடுவார்கள்.

இனி ‘பார்ட்னர்’, அதாவது அந்தக் குறைபாடற்ற சகவீரர். இதைத் ‘தன்னார்வலர்’, ‘உதவியாளர்’, ‘பராமரிப்பாளர்’ என்றெல்லாம் எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பவரல்ல. வியர்க்க ஆடுகிறவர், தவறு செய்தால் விசில் வாங்குகிறவர், தோற்றால் சேர்ந்து தோற்கிறவர். ‘கூட்டாளி’ என்ற சொல் இருக்கிறது. தொழிலில் பங்குடையவரும் கூட்டாளி, பேச்சுவழக்கில் நண்பனும் கூட்டாளி. ஆட்டம் முடிந்த பிறகும் தொடர வேண்டிய நட்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அணிப்பட்டியலில் ‘வீரர்கள் 3, உதவியாளர்கள் 3’ என்று அச்சிட்டிருந்தால், ‘வீரர்கள் 3, கூட்டாளிகள் 3’ என்று திருத்திக் கொடுங்கள்.