வீட்டு ஓனர் கேட்கும் அதே கேள்வி

பால்புதுமையினர் (LGBTQ+) நண்பர்கள் நாலு பேர், நகரத்தில் ஒரே வாடகை வீடு, மாதக் கடைசியில் காலியான பர்ஸ். இந்த மாதிரி நகைச்சுவை வெப் சீரிஸ் எது வந்தாலும் பார்த்துவிடுவேன். திடீரென்று வீட்டு ஓனர் வந்து நிற்பார். "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" ஒருவர் "கசின்" என்பார், அதே நொடியில் இன்னொருவர் "ஆபீஸ் ஃபிரெண்ட்" என்பார். சிரித்து முடித்ததும் என்னுள் இருக்கும் வக்கீல் விழித்துக்கொள்வார். இதே கேள்வியை வங்கியும் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஸ்டேஷனும் கேட்குமே, அங்கே என்ன சொல்வார்கள்?

தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமண உரிமை கிடையாது என்று 2023 அக்டோபரில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஆக, இன்றைக்கு இந்த ஜோடிகள் குற்றவாளிகளும் இல்லை, சட்டத்தின் கண்ணில் உறவினர்களும் இல்லை. குடும்பமாவதற்குத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் தீர்ப்பு நகலை நீட்டினால் வங்கி மேனேஜர் காசு தரமாட்டார், ஃபார்ம்தான் கேட்பார்.

துணைவரைப் பறிகொடுத்த ஒருவர் பிளாஸ்டிக் ஃபைலோடு என்னிடம் வந்தார். டெபாசிட்டில் நாமினி அவர்தான். "அப்ப பணம் எனக்குத்தானே?" என்றார். இல்லை. வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் உரிமைதான் நாமினிக்கு. வாங்கியபின் அது வாரிசுக்குச் சேர வேண்டும். உயில் எழுதாததால், பல வருஷமாக மகனோடு பேசாத அம்மாவே சட்டப்படி வாரிசு.

இத்தனைக்கும் உயில் எழுத முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்துப் போட, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சொத்து பெறப்போகிறவரையே சாட்சியாக்காதீர்கள். யார் சாட்சி, யாருக்கு பைக் என்று நாலு நண்பர்களும் அடித்துக்கொள்ளும் ஒரு எபிசோடை ஏன் இன்னும் யாரும் எடுக்கவில்லை என்று தெரியவில்லை. அவ்வளவு காமெடி அதில் இருக்கிறது. என் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. பால்புதுமையினர் ஜோடிகள் கூட்டுக் கணக்கு தொடங்கவோ, துணையை நாமினியாகப் போடவோ தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியது. மனநல சிகிச்சை தேவைப்பட்டால் உங்கள் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நீங்களே எழுதிவைக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. மற்ற சிகிச்சைகளிலும், சுயநினைவோடு இருக்கும் வயது வந்தவருக்கு அவர் சம்மதமே சம்மதம்.

அப்புறம் போலீஸ். வீட்டை விட்டு வந்தவரைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சிக்கல் வயதை நிரூபிப்பதில் வரும். ஒரிஜினல் சான்றிதழ்கள் பெரும்பாலும் அப்பாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். அதனால் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல்கள் இப்போதே உங்கள் போனிலும், ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுக்கிற ஒரு நண்பரிடமும் இருக்கட்டும்.