தொட்டிக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு கோடு

ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்டியபோது, மாடி பாத்ரூமில் சித்தப்பா ஒரு பாத்டப் வைத்தார். இருபது வருடம் துபாயில் இருந்தவருக்கு அது ஓர் ஆசை. வருடம் ஒன்று ஆகவில்லை, நேர் கீழே பூஜை அறைக் கூரையில் ஓதம் தெரிந்தது. முதலில் தட்டு அளவு, அப்புறம் முறம் அளவு. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குழாய்தான் ஒழுகுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டார்கள். குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பின்னால் வந்த கொத்தனார் தொட்டியின் விளிம்பும் டைல்ஸும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஒயிட் சிமெண்ட் பூசிய கோட்டில், தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல்.

அவ்வளவு மெல்லிய விரிசல் ஒரு கூரையை நனைக்குமா? மெல்லியதாக இருப்பதால்தான் நனைக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே வேலைதான்: பள்ளியில் படித்த நுண்புழை ஏற்றம். சுத்தமான இரண்டு கண்ணாடித் தகடுகளை 1 மி.மீ. இடைவெளியில் தண்ணீரில் நிறுத்தினால், நடுவே தண்ணீர் ஒன்றரை செ.மீ. ஏறும். இடைவெளியை 0.1 மி.மீ. ஆக்கினால் 15 செ.மீ. ஏறும். விளிம்பில் தேங்கும் தண்ணீரை விரிசல் உள்ளே இழுக்கிறது. பின்னால் இருக்கும் செங்கல்லும் கலவையும் அதை வாங்கிக்கொள்கின்றன. வெயில் படாத இடம், காயவும் வழியில்லை. தினம் 100 மி.லி. போனால்கூட வருடத்தில் 36 லிட்டர். கூரையில் பூத்த உப்பும் இந்தத் தண்ணீர் வழியில் கரைத்துக்கொண்டு வந்ததுதான்.

சரி, விரிசல் ஏன் விழுந்தது? தொட்டி அசைகிறது, சுவர் அசைவதில்லை. ஐந்தடித் தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர், அதாவது பத்துக் குடம். அதில் 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் மொத்தம் 220 கிலோ. நாலு சிமெண்ட் மூட்டைக்கு மேல். காலில் மட்டும் நிற்கும் அக்ரிலிக் தொட்டி இந்தப் பாரத்தில் வளைந்து இறங்கும், காலியானதும் மேலே வரும். அடியில் கலவை மெத்தை போட்டு உட்கார வைத்தால் அசைவு குறையும், முழுக்க நிற்காது. அதோடு சூடும் சேர்கிறது. ஒன்றரை மீட்டர் அக்ரிலிக் முழுவதும் 25 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை மி.மீ. நீளும். அதே சூட்டில் அதே நீள டைல்ஸ் கால் மி.மீ. அளவுதான் நீளும். சிமெண்ட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது சிரமம். இழுபடுகிற இடத்தில் அதைப் பூசினால் வேறென்ன ஆகும்?

அந்த ஒரு கோட்டில் வர வேண்டியது சிலிகான். ரப்பர் மாதிரி நீளும், சுருங்கும், தண்ணீரை ஒட்டவிடாது. ஆனால் அதையும் நூல் மாதிரி மெல்லிசாக இழுத்துவிட்டு அழகு பார்க்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காது. நல்ல சிலிகான் தன் அகலத்தில் கால் பங்கு அசைவைத் தாங்கும். விளிம்பு 1 மி.மீ. அசையும் என்றால் கோடு 4 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். இன்னொன்று, அது மேலே டைல்ஸிலும் கீழே தொட்டியிலும் மட்டும் ஒட்ட வேண்டும். பின்பக்கக் கலவையிலும் ஒட்டிவிட்டால் நீள இடமில்லாமல் கிழியும். அதனால் முதலில் இடுக்கில் ஃபோம் கயிற்றைத் திணித்துவிட்டு, அதன்மேல் சிலிகான் விடுவார்கள்.

டைல்ஸ் போடும் வரிசையும் முக்கியம். நாட்டு ஓடு வேய்கிறவர் மேல் ஓட்டைக் கீழ் ஓட்டின் மேல் ஏற்றித்தான் வைப்பார். இங்கும் அப்படித்தான்: தொட்டியை வைத்து, சுவரில் வாட்டர் ப்ரூஃப் பூச்சு அடித்து, அதற்கப்புறம் விளிம்புக்கு மேலே டைல்ஸ் ஏற வேண்டும். சுவரில் வழியும் தண்ணீர் விளிம்பில் விழுந்து தொட்டிக்குள் போய்விடும். சித்தப்பா வீட்டில் முதலில் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டு, தொட்டியை அதோடு தள்ளிவைத்திருந்தார்கள். டைல்ஸில் வழிந்த தண்ணீர் நேராக இடுக்கைத் தேடிப் போனது. ரசமட்டம் வைத்து விளிம்பைச் சரிமட்டமாக வைப்பதும் இதற்காகத்தான். தண்ணீர் வெளியேறும் வாட்டம் தொட்டியின் அடியிலேயே இருக்கிறது. தனியாகச் சாய்த்தால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கும்.

நம் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு: ஆசிட். போர்த் தண்ணீரின் உப்புக்கறை போக ஊற்றுகிற ஆசிட், கறையோடு டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் தின்றுவிடும். உப்பும் சிமெண்டும் அதற்கு ஒன்றுதான்.

சித்தப்பா டைல்ஸை முழுக்க உடைக்க மனம் வராமல், விளிம்பை ஒட்டிய ஒரு வரிசையை மட்டும் பெயர்த்து விளிம்பின் மேல் ஏறும்படி மாற்றினார். தொட்டியின் முன்பக்கக் கட்டுச்சுவரில், அடியில் கழிவுநீர் போகும் வளைகுழாயான ட்ராப்பைத் திறந்து பார்க்க ஒரு கதவும் வைத்தார், இது முதலிலேயே இருந்திருக்க வேண்டும். சிலிகான் விடுவதற்கு முன் தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார் கொத்தனார். பாரத்தில் விளிம்பு இறங்கி இடுக்கு அகலமாகத் திறந்திருக்கும்போது சிலிகானை நிரப்பினால், தண்ணீர் காலியானதும் அது நசுங்குமே தவிர இழுபடாது. சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது, அப்போதுதான் அந்த வினிகர் வாடை வருகிறது. இரண்டு நாள் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பூஜை அறைக் கூரைக்கும் பெயிண்ட் வேண்டாம், கான்கிரீட்டில் இருக்கிற ஈரம் வெளியேறட்டும் என்றார்.

மூன்றாம் நாள் சித்தி அந்தப் பத்துக் குடத்தையும் வாளி வாளியாக மொண்டு மொட்டைமாடிச் செடிகளுக்கு ஊற்றினார்.