நடுத்தர ஜோடியும் முதலில் பேசும் இருக்கையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் தலைமுறைகளாக ஆடப்பட்டு வரும் சீட்டாட்டம் தண்ணி. நால்வர் இரண்டு அணியாகப் பிரிந்து 24 சீட்டுகளைக் கொண்டு ஆடும் அந்த ஆட்டத்தில், ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டு ஒன்பது. ஏஸும் பத்தும் அதற்குக் கீழேதான். அதில் தேர்ந்தவர்கள் போக்கர் மேசைக்கு வந்தால், ஒன்பது நடுத்தரச் சீட்டாகிவிடுவது அவர்களுக்கு விரைவில் பழகிவிடும். பிடிபடத் தாமதமாவது ஆடும் வரிசைதான். தண்ணியில் ஒரு பிடியை (ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்றை) வென்றவரே அடுத்த பிடிக்கு முதல் சீட்டை இறக்குவதால், முதலில் ஆடும் சுமை ஒருவரிடமே தங்குவதில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுத்து ஆடும் போக்கர் வகையான டெக்சாஸ் ஹோல்டெமில், ஃப்ளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்ததும் முதலில் பேச (பந்தயம் வைப்பதா வேண்டாமா என்று சொல்ல) வேண்டியவர், நான்காவது சீட்டான டர்னிலும் ஐந்தாவதான ரிவரிலும் மீண்டும் முதலில்தான் பேச வேண்டும். எதிராளி ஒவ்வொரு முறையும் அவர் செய்ததைப் பார்த்துவிட்டே முடிவெடுக்கிறார். ஏழு முதல் பத்து வரையிலான ஜோடிகளைக் கையில் வைத்திருப்பவரை இந்த ஏற்பாடு வேறு எவரையும்விட அதிகமாகத் துன்புறுத்துகிறது.

அதற்கான காரணம் எண்களிலேயே இருக்கிறது. கையில் ஜோடி விழுவது 17 முறைக்கு ஒரு முறை. அந்த ஜோடி ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டைப் பெற்றுச் செட்டாகவோ அதைவிடப் பெரிதாகவோ மாறும் வாய்ப்பு 11.8 விழுக்காடு மட்டுமே. கையில் இரண்டு எட்டுகள், அதாவது எட்டு ஜோடி, இருந்தால், ஃப்ளாப்பில் ஒன்பதோ அதற்கு மேற்பட்ட சீட்டோ ஒன்றாவது விழும் வாய்ப்பு ஏறத்தாழ 87 விழுக்காடு. ஒன்பது ஜோடிக்கு அது 79. ஆகவே பெரும்பாலான நேரங்களில் மேசையில் நம்மைவிடப் பெரிய சீட்டு ஒன்று கிடக்கும். ஆனால் ஏஸும் கிங்கும் வைத்திருக்கும் எதிராளிக்கு ஃப்ளாப்பில் ஜோடியாவது சேர்வது மூன்று முறைக்கு ஒரு முறைதான். நாம் முந்தியிருக்கிறோம், ஆனால் முந்தியிருப்பது நமக்குத் தெரிவதில்லை என்ற நிலை இங்கேதான் பிறக்கிறது. செட் ஆகாத ஜோடி பெரும்பாலும் வளர்வதும் இல்லை: மீதமுள்ள இரண்டு சீட்டுகளில் செட் சேர 8.4 விழுக்காடு வாய்ப்பே உண்டு.

ஒரு கையை நெருங்கிப் பார்க்கலாம். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்டுகள் 10 ராண்டும் (ஸ்மால் பிளைண்ட்) 20 ராண்டும் (பிக் பிளைண்ட்). ஃப்ளாப்பிலிருந்து எல்லோருக்கும் கடைசியில் பேசும் பட்டன் இருக்கையில் இருப்பவர் 60 ராண்டுக்கு உயர்த்துகிறார். ஸ்மால் பிளைண்ட் விலகிவிடுகிறார். பிக் பிளைண்டில் இருக்கும் நீங்கள் எட்டு ஜோடியுடன் மேலும் 40 ராண்டு போட்டுச் சேர்கிறீர்கள். எல்லோரும் வைத்த பணம் சேரும் பாட்டில் இப்போது 130 ராண்டு. ஃப்ளாப்பில் டைமன் கிங், கிளாவர் ஏழு, ஆட்டின் மூன்று. நீங்கள் பந்தயம் வைக்காமல் செக் சொல்ல, அவர் பாதிப் பாட்டான 65 ராண்டைப் பந்தயமாக வைக்கிறார். இதற்கு ஈடுகொடுக்க, அதாவது நீங்களும் அதே 65 ராண்டைப் போட, நான்கில் ஒரு முறை வென்றாலே உங்களுக்கு நட்டமில்லை.

அவரிடம் எல்லா ஜோடிகளும், பத்து முதல் ஏஸ் வரையிலான சீட்டுகளில் வெவ்வேறான எந்த இரண்டும் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு எண்ணுவோம். (அவரிடமும் எட்டு ஜோடியே இருக்கும் ஒரே ஒரு சேர்க்கை சமனில் முடியும் என்பதால் அதை விட்டுவிடலாம்.) கிங் சேர்ந்த கைகள் 48, ஒன்பது முதல் ஏஸ் வரையிலான ஜோடிகள் 33, ஏழு அல்லது மூன்றில் செட் அடித்தவை 6; ஆக உங்களை முந்தியவை 87. எதுவும் சேராத பெரிய சீட்டுகள் 96, உங்களைவிடச் சிறிய ஜோடிகள் 24. ஆக நீங்கள் முந்தியிருப்பவை 120. பட்டனில் இருப்பவர் இவை அனைத்தையும் கொண்டு பந்தயம் வைப்பாரானால், இங்கே விலகுவது தவறு. விலகிக்கொண்டே இருந்தால் அவர் எந்த இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டு லாபம் பார்ப்பார், ஏனெனில் பாதிப் பாட் பந்தயம் மூன்றில் ஒரு முறைக்கு மேல் பலித்தாலே அவருக்குப் போதும்.

ஈடுகொடுத்துவிட்டீர்கள், டர்னில் ஸ்பேடு குயின் விழுகிறது. இந்த ஒரே சீட்டு மொத்தக் கணக்கையும் புரட்டிவிடுகிறது. குயின் சேர்ந்த 36 கைகள் புதிதாக உங்களைத் தாண்டிவிட, ஒரு குயின் மேசைக்குப் போனதால் பழைய 87-இல் 6 குறைய, முந்தியவை 117 ஆகவும் பிந்தியவை 72 ஆகவும் மாறுகின்றன. பாட்டில் 260 ராண்டு இருக்க, அவர் 195 ராண்டு வைக்கிறார். ஈடுகொடுக்க உங்களுக்கு 30 விழுக்காடு வெற்றி தேவை. சிறிய ஜோடிகளைக் கொண்டு அவர் இங்கே பெரும்பாலும் செக் செய்துவிடுவார் என்பதால் எஞ்சும் பிந்திய கைகள் 48 மட்டுமே. அது 29 விழுக்காடு. ஏஸ்-ஜாக், ஏஸ்-பத்து, ஜாக்-பத்து ஆகிய அந்த 48 கைகளிலும் ரிவரில் உங்களை முந்திவிடக்கூடிய சீட்டுகள் பத்துக்குக் குறையாமல் இருக்கின்றன. அதற்குப் பிறகும் ரிவரில் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான். அங்கே விலகுவதே சரி, தயக்கமே வேண்டாம்.

இதையே மாறிய இருக்கையில் வைத்துப் பாருங்கள். அதே எட்டு ஜோடி, அதே ஃப்ளாப், ஆனால் பட்டனில் நீங்கள். எதிராளி செக் சொன்னால் நீங்களும் செக் சொல்லி டர்னைக் காசில்லாமல் பார்க்கலாம். பாட் 130 ராண்டிலேயே நிற்கும். சீட்டைத் திறந்து காட்டும் இடம்வரை மலிவாகச் சென்றுவிடலாம். சீட்டுகளின் வலிமை அணுவளவும் மாறவில்லை. முதலில் பேசுபவருக்குத் தமக்கு உரிய பங்கை முழுவதுமாக எடுக்கும் வழி அடைபட்டிருக்கிறது, கடைசியில் பேசுபவருக்குத் திறந்திருக்கிறது. நடுத்தர ஜோடி கெட்ட கை என்று சலித்துக்கொள்பவர்கள் பழியைச் சீட்டின்மீது போடுகிறார்கள். பழி இருக்கையினுடையது என்பதே என் உறுதியான கருத்து.

எனவே பிக் பிளைண்டில் இருந்துகொண்டு ஃப்ளாப்பில் ஈடுகொடுக்கும்போதே, எந்தச் சீட்டுக்கு விலகுவது என்பதை முடிவு செய்திருக்க வேண்டும். மேலே கண்ட மேசையில் ஏஸ், குயின், ஜாக், பத்து ஆகியவை 47-இல் 16 சீட்டுகள். அவற்றில் ஒன்று விழுந்து பெரிய பந்தயமும் வந்தால் விலகலாம்; இரண்டோ ஐந்தோ விழுந்தால் இன்னொரு முறை ஈடுகொடுக்கலாம். எட்டு ஜோடியுடன் முதலில் பாய்ந்து பந்தயம் வைப்பதால் அதிகம் தேறாது: சிறிய கைகள் விலகிவிடும், பெரியவை தங்கிவிடும்.

செட்டை மட்டும் நம்பிச் சேர்வதற்குத் தனிக் கணக்கு உண்டு. செட் சேராத வாய்ப்புக்கும் சேரும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம் ஏழரைக்கு ஒன்று. 40 ராண்டு கொடுத்தால் சராசரியாக 300 ராண்டு திரும்பி வர வேண்டும்; பாட்டில் ஏற்கெனவே 90 கிடப்பதால் மீதி 210 எதிராளியின் கையிருப்பிலிருந்து வர வேண்டும். செட் சேர்ந்த ஒவ்வொரு முறையும் அவர் காசு கொடுக்கப் போவதில்லை. ஆகவே உங்கள் ஈட்டுத்தொகையைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்காவது அவரிடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் அளவு. அவர் முன்னால் 200 ராண்டுதான் இருக்கிறது என்றால் செட்டுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. 2000 ராண்டு இருந்தாலும், முதலில் பேசுபவருக்கு அதை வாங்குவது கடினம்: செட்டுடன் நீங்கள் செக் சொல்லி வலை விரிக்க, அவரும் செக் சொல்லிவிட்டால் பந்தயம் வைக்கக்கூடிய மூன்று வாய்ப்புகளில் ஒன்று போய்விடுகிறது. ஃப்ளாப்பில் உங்கள் செக்குக்கு அவர் செக் சொல்லிவிட்டாரானால், டர்னில் மறுபடி செக் சொல்லாமல் நீங்களே பெரிதாகப் பந்தயம் வையுங்கள்.