மனச்சிதைவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ்: 40 சதவீதம் எங்கே கைநழுவுகிறது?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகை இயலாமைகளில் மனநோயும் ஒன்று. ‘கை கால் நல்லாத்தானே இருக்கு’ என்று கவுன்ட்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர்.

அவர் பயன்படுத்தும் அளவுகோலின் பெயர் ஐடியாஸ். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். நோயின் காலத்துக்காக 1 முதல் 4 வரை சேர்ப்பார்கள். மொத்தம் 20. ஏழு வந்தால் 40 சதவீதம். பெரும்பாலான சலுகைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இந்த நோயின் அறிகுறிகளான, யாரும் பேசாமலே காதில் குரல் கேட்பதற்கும் காரணமற்ற சந்தேகத்துக்கும் இதில் தனி மதிப்பெண் கிடையாது. ஆகவே ‘மாத்திரையில் குரல் நின்றுவிட்டது, இனி என்ன இயலாமை’ என்ற வாதம் செல்லாது. குரல் நின்ற பிறகும் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பவர், சொன்னால்தான் குளிப்பவர் எத்தனையோ பேர்.

மதிப்பெண் பெரும்பாலும் குறைவது வீட்டாரின் பதிலால்தான். ‘குளிப்பாரா?’ என்றால் ‘குளிப்பார்’ என்கிறார்கள். எத்தனை முறை சொன்ன பிறகு, வாரத்தில் எத்தனை நாள், மாற்றுத்துணி எடுத்துக் கொடுக்க வேண்டுமா, மாத்திரையை யார் கையில் தருகிறார்கள் என்று சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், மானத்துக்காக மறைக்கவும் வேண்டாம். கூடவே இருந்து பார்ப்பவர்தான் உடன் போக வேண்டும். ஆண்டுக்கு இருமுறை வந்துபோகும் அண்ணன் போனால் பயனில்லை.

வேலைப் பகுதியில் சம்பள வேலை, வீட்டு வேலை, படிப்பு என மூன்றில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். இல்லத்தரசி என்றால் சமையலும் வீட்டு நிர்வாகமும் கணக்கு. ‘வீட்டில்தான் இருக்காங்க’ என்று நிறுத்தாதீர்கள். அடுப்பை ஏற்றிவிட்டு மறந்துபோவது, பாதிச் சமையலில் எழுந்துபோவது, மாமியார் முழுதாகச் செய்வது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மதிப்பெண் நழுவும் அடுத்த இடம், பழைய சீட்டுகள் இல்லாதது. நான்கு பகுதிகளிலும் சேர்த்து 5 வாங்கியவருக்கு நோய் எத்தனை காலமாக என்று காட்டச் சீட்டு இல்லாமல் நோய்க் காலத்துக்கு 1 மட்டும் கொடுத்தால் 6, சான்றிதழ் பயன்படாது. 3 கிடைத்தால் 8. அவரே தகுதி பெறுகிறார். எனவே முதல் ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இரண்டு ஆண்டுகளின் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, நகலும் எடுத்துப் போங்கள். தனியார் மருத்துவரின் சீட்டுகளையும் விடாதீர்கள்.

விண்ணப்பம் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளத்தில். இ-சேவை மையத்தில் பதிபவர் ‘மனநோய்’ என்பதற்குப் பதில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று தட்டிவிட்டால், நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்புவார்கள். மனச்சிதைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவறு கண்ணில் படுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சமர்ப்பிக்கும் முன் திரையை நீங்களே படித்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறாரா, எந்தக் கிழமை சான்றிதழுக்குப் பார்க்கிறார் என்று முதலிலேயே கேளுங்கள். நோயாளியை பஸ்ஸில் ஏற்றி அழைத்து வருவதற்குள் வீட்டார் படும் பாடு, ‘நாளைக்கு வாங்க’ என்பவருக்குத் தெரிவதில்லை.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். எழுத்தில் இருந்தால்தான் அதே 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும்போது கையில் ஏதாவது இருக்கும்.

சான்றிதழ் வந்தால் ஓய்வூதியம் தானாக வராது. அதற்குத் தனி விண்ணப்பம். மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருகிறார்கள். அதன் மேல் உள்ள கடைசித் தேதியைப் பாருங்கள். காலாவதியானதும் உதவித்தொகை நின்றுபோகும் என்பதால் சில மாதங்கள் முன்பே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்; இடைப்பட்ட மாதங்களின் மருந்துச் சீட்டுகளையும் அதே கோப்பில் வைத்திருங்கள்.