தங்கும் உயரமும் தொடும் உயரமும்

விமானத்தில் மனிதர் எட்டிய மிக அதிக உயரம் எவ்வளவு என்ற கேள்விக்கு 25,929 மீட்டர், 37,650 மீட்டர், 1,07,960 மீட்டர், 1,12,010 மீட்டர் என நான்கு விடைகள் சொல்லலாம், நான்கும் சரியானவையே. ஒரு விமானம் இறக்கையின் பலத்தால் ஓர் உயரத்தில் தங்கிப் பறக்கிறதா, அல்லது சேர்த்துவைத்த வேகத்தைச் செலவழித்து அந்த உயரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு விழுகிறதா என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும். சாதனைப் பட்டியல்கள் பலவற்றில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், பின்னது முன்னதை வென்றுவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவை இயற்பியலின் வெவ்வேறு எல்லைகளை அளந்து காட்டுகின்றன.

இறக்கை தரும் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும், இறக்கையின் பரப்பையும், வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. பயணிகள் விமானம் பறக்கும் 11 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறைந்திருக்கும். 21 கி.மீ. உயரத்தில் அது பதினாறில் ஒரு பங்கு, 26 கி.மீ. உயரத்தில் முப்பத்தாறில் ஒரு பங்கு. வேகத்தின் இருமடி கணக்கில் வருவதால், அதே இறக்கை அதே எடையை 21 கி.மீ. உயரத்தில் சுமக்கத் தரையருகே தேவைப்பட்டதைப்போல் நான்கு மடங்கு வேகமும், 26 கி.மீ. உயரத்தில் ஆறு மடங்கு வேகமும் வேண்டும். மெலிந்த காற்றில் பின்னிழுவிசையும் குறைவு என்பதால் வேகமெடுப்பது எளிதுதானே என்று கேட்கலாம். எஞ்சினும் அதே மெலிந்த காற்றை உள்ளிழுத்துத்தான் எரிபொருளை எரிக்கிறது. உயரம் கூடக்கூட அதன் உந்துவிசையும் தேய்ந்துகொண்டே போகும்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த விமானம், 1955-இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் யு-2. லாக்ஹீட் நிறுவனத்தில் கெல்லி ஜான்சன் தலைமையில் உருவான இந்த உளவு விமானத்துக்கு, எஞ்சினின்றி மிதந்து பறக்கும் கிளைடருக்கு இருப்பதுபோல் நீண்டு ஒடுங்கிய இறக்கைகள். எடையை இயன்றவரை குறைத்து, இறக்கையை இயன்றவரை நீட்டி, ஒலியைவிடக் குறைந்த வேகத்திலேயே 21 கி.மீ. உயரத்தில் மணிக்கணக்கில் அது தங்கியது. அதற்குக் கொடுத்த விலை, விமானிகள் ‘சவப்பெட்டி மூலை’ என்று அழைக்கும் நிலை. எந்த விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு; அதற்குக் கீழே போனால் இறக்கையின் மேற்பரப்பிலிருந்து காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். இதுவே ஸ்டால். ஒலியைவிட மெதுவாகப் பறப்பதற்கென்று வடிவமைத்த விமானத்துக்கு ஓர் அதிகபட்ச வேகமும் உண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின்மீது அதிர்ச்சி அலைகள் தோன்றி, விமானம் நடுங்கிக் கட்டுப்பாட்டை இழக்கும். உயரே போகப்போக முதல் எல்லை மேலே ஏறுகிறது. குளிரால் ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஆகக் குறைந்துவிடுவதால், இரண்டாவது எல்லை இறங்கியிருக்கிறது. யு-2 தன் உச்ச உயரத்தில் பறக்கும்போது இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே சுமார் 10 நாட், அதாவது மணிக்கு 18 கி.மீ. அளவே இடைவெளி இருந்தது. திரும்பும்போது உள்பக்க இறக்கை மெதுவாகவும் வெளிப்பக்க இறக்கை வேகமாகவும் நகர்வதால், ஒரே விமானத்தின் ஓர் இறக்கை ஸ்டாலை நெருங்க, மற்றொன்று அதிர்ச்சி அலையை நெருங்கக்கூடும். அந்தக் குறுகிய பட்டையின் நடுவே பல மணி நேரம் விமானத்தைச் செலுத்திய விமானிகளின் நிதானத்தை, எந்த உயரச் சாதனைக்கும் குறைவாக என்னால் மதிப்பிட முடியவில்லை.

அந்த உயரத்தில் எரிபொருளும் உடலும்கூடத் தரையில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்வதில்லை. அழுத்தம் குறைந்தால் திரவங்கள் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்பதால், எளிதில் ஆவியாகாத தனி எரிபொருளை யு-2-க்கென்றே தயாரிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 19 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்காகிறது; அங்கே நீர் 37 பாகை செல்சியஸில், அதாவது நம் உடல் வெப்பநிலையிலேயே, கொதிக்கும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரால் இது ஆம்ஸ்ட்ராங் எல்லை எனப்படுகிறது. குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும் இரத்தம் உடனே கொதித்துவிடாது. ஆனால் கண்ணிலும் வாயிலும் நுரையீரலின் உட்பரப்பிலும் இருக்கும் ஈரம் கொதிக்கத் தொடங்கும். முகமூடி வழியே தூய ஆக்சிஜனைக் கொடுத்தாலும் பயனில்லை; உடலைச் சுற்றி அழுத்தம் தரும் முழு உடை வேண்டும். கான்கார்ட் விமானம் இந்த எல்லைக்குச் சற்றே கீழே, 18 கி.மீ. உயரத்தில், சாதாரண உடையணிந்த பயணிகளைச் சுமந்து சென்றது. அதன் ஜன்னல்கள் உள்ளங்கையளவுக்குச் சிறிதாக வைக்கப்பட்டதற்கு ஒரு காரணம், ஒன்று உடைந்தாலும் உள்ளிருக்கும் காற்று மெதுவாகவே வெளியேற வேண்டும் என்பது.

‘சவப்பெட்டி மூலை’யிலிருந்து தப்ப இன்னொரு வழி, ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறப்பது. அமெரிக்காவின் இன்னோர் உளவு விமானமான எஸ்.ஆர்.-71 அந்த வழியில் சென்றது. ஒலியைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் பறந்தால், மெலிந்த காற்றிலிருந்தும் போதிய தூக்குவிசையைக் கறந்துவிடலாம். ஆனால் அவ்வளவு வேகத்தில் பாயும் காற்றை எஞ்சினால் அப்படியே விழுங்க முடியாது. அதனால் எஞ்சினின் முகப்பில் கூம்பு ஒன்று பொருத்தப்பட்டது. வேகம் கூடக்கூட அது சுமார் 66 செ.மீ. வரை பின்னோக்கி நகர்ந்து, அதிர்ச்சி அலைகளைச் சரியான இடத்தில் நிறுத்திவைத்து, உள்ளே வரும் காற்றை ஒலியைவிட மெதுவானதாகவும் அழுத்தம் மிகுந்ததாகவும் மாற்றியது. வேகத்தையே அழுத்தமாக மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு இல்லையென்றால், அந்த உயரத்தில் எஞ்சினுக்கு மூச்சே இருந்திருக்காது. உராய்வாலும் அமுக்கத்தாலும் எழும் வெப்பத்தைத் தாங்க, விமானத்தின் பெரும்பகுதி டைட்டானியத்தால் செய்யப்பட்டது. 1976 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவில் ராபர்ட் ஹெல்ட் ஓட்டிய எஸ்.ஆர்.-71, கிடைமட்டமாக நீடித்துப் பறந்து 25,929 மீட்டர் உயரத்தைப் பதிவுசெய்தது. நான்கு எண்களில் முதலாவது இதுதான். தங்கும் உயரத்தின் எல்லையாக நான் கருதுவதும் இதைத்தான்.

இரண்டாவது எண்ணுக்குச் சொந்தக்காரர் சோவியத் விமானி அலெக்சாண்டர் ஃபெதோதவ். 1977 ஆகஸ்ட் 31 அன்று, கூடுதல் ஆற்றலுள்ள எஞ்சின்கள் பொருத்தப்பட்ட மிக்-25 வகை விமானத்தில் அவர் 37,650 மீட்டரை எட்டினார். காற்றை உள்ளிழுக்கும் எஞ்சினோடு தரையிலிருந்து தானே எழும்பிய விமானம் ஒன்றில் இதைவிட உயரே எவரும் போனதாகப் பதிவில்லை. (இதே குடும்பத்தைச் சேர்ந்த மிக்-25 விமானங்களை இந்திய விமானப்படையும் பரேலியிலிருந்து 1981 முதல் 2006 வரை இயக்கியது.) ஆனால் அந்த உச்சத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் சுமார் இருநூறில் ஒரு பங்குதான், எந்த இறக்கையும் அவரை அங்கே தாங்கியிருக்க முடியாது. இதன் கணக்கு பள்ளி இயற்பியல்தான். ஒலியைப்போல் இரண்டரை மடங்கு வேகம் என்றால், அந்தக் குளிரில் அது நொடிக்குச் சுமார் 740 மீட்டர். அந்த இயக்க ஆற்றல் முழுவதையும் உயரமாக மாற்றினால், வேகத்தின் இருமடியை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுக்க, ஏறத்தாழ 28 கி.மீ. கூடுதல் உயரம் கிடைக்கும். நடைமுறையில் காற்றின் தடை ஒரு பகுதியைத் தின்றுவிடும். கிடைமட்ட வேகத்தை முழுவதும் செங்குத்தாகத் திருப்பவும் முடியாது. ஆகவே சில கிலோமீட்டர்கள் முதல் பதினைந்து வரைதான் மிஞ்சும். மூக்கை உயர்த்தி, வேகத்தைச் செலவழித்து, மேலே வீசிய கல்லைப்போல் ஒரு வளைவில் ஏறி இறங்கும் இதற்கு ஜூம் ஏற்றம் என்று பெயர்.

ஜூம் ஏற்றத்தின் உச்சியில் விமானி அபாயத்தின் நடுவே இருக்கிறார். எஞ்சினில் எரிவதற்குப் போதிய காற்று இல்லை. வால் துடுப்புகளையும் இறக்கைத் துடுப்புகளையும் அசைத்தால் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் நோக்கியிருந்தாலும் அதன் பாதை மாறாது. ஆனால் கீழே அடர்ந்த காற்றுக்குள் நுழையும்போது மூக்கு சரியான திசையில் இல்லையென்றால் விமானம் சுழலத் தொடங்கிவிடும். 1963 டிசம்பர் 10 அன்று, ஒலியின் வேகத்தை முதலில் கடந்தவரான சக் யேகர், இத்தகைய ஏற்றத்துக்கென ராக்கெட் பொருத்தி மாற்றியமைத்த எஃப்-104 போர் விமானம் ஒன்றில் 30 கி.மீ. உயரத்தைத் தாண்டிச் சென்றபின் கட்டுப்பாட்டை இழந்தார். தட்டையாகச் சுழன்றபடி விழுந்த விமானத்திலிருந்து தீக்காயங்களோடு வெளியே குதித்து உயிர் பிழைத்தார்.

ராக்கெட் எஞ்சின் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே சுமந்து செல்வதால், காற்று மெலிவது அதற்குத் தடையே அல்ல. நாசாவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கடியில் தொங்கியபடி சுமார் 13.7 கி.மீ. உயரம் வரை சென்று, அங்கே விடுவிக்கப்படும். 1963 ஆகஸ்ட் 22 அன்று ஜோ வாக்கர் ஓட்டியபோது, அம்மோனியாவையும் திரவ ஆக்சிஜனையும் எரித்த எஞ்சின் ஒன்றரை நிமிடத்துக்குள் அணைந்துவிட்டது. அப்போது விமானம் இருந்த இடம், அது எட்டப்போகும் உச்சத்தில் ஏறத்தாழ பாதி உயரம்தான். மீதி 54 கி.மீ. முழுவதையும் அது வேகத்தாலேயே ஏறியது. அப்படித்தான் 1,07,960 மீட்டர் கிடைத்தது. மேலே துடுப்புகள் பயனற்றுப் போகும் என்பதால், ஹைட்ரஜன் பெராக்சைடு பீய்ச்சும் சிறு உந்திகளால் விமானத்தின் திசை திருத்தப்பட்டது. 1967 நவம்பர் 15 அன்று, 80 கி.மீ. உயரத்தைக் கடந்து திரும்பிய மைக்கேல் ஆடம்ஸின் எக்ஸ்-15 தவறான திசையை நோக்கியபடி காற்றுக்குள் நுழைந்து, சுழன்று, உடைந்தது, அவர் உயிரிழந்தார். 2004 அக்டோபர் 4 அன்று 1,12,010 மீட்டரை எட்டிய ஸ்பேஸ்ஷிப்ஒன் ராக்கெட் விமானத்தில் பிரயன் பின்னி பாதுகாப்பாகத் திரும்பியதற்கு, வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் இந்த ஆபத்துக்குக் கண்ட அழகான தீர்வு ஒரு முக்கியக் காரணம். இறக்கையின் பின்பகுதி வாலோடு சேர்ந்து மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். எப்படி விழுந்தாலும் காற்றே விமானத்தை வயிறு கீழாகத் திருப்பி நிறுத்திவிடும்.

இந்த இரண்டு விமானங்களும் கடந்த, விண்வெளியின் தொடக்கமாகப் பலரும் கொள்ளும் 100 கி.மீ. எல்லைக்கு விமானவியல் அறிஞர் தியோடோர் ஃபான் கார்மனின் பெயர் வழங்குகிறது. அதன் அடிப்படையிலும் நாம் பேசிவந்த இறக்கைக் கணக்கே இருக்கிறது. உயரம் கூடக்கூட இறக்கைக்குத் தேவையான வேகம் ஏறிக்கொண்டே போய், ஓர் இடத்தில் பூமியைச் சுற்றிவரத் தேவையான வேகத்துக்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 7.8 கி.மீ.க்கு, சமமாகிவிடும். அவ்வளவு வேகம் இருந்தால் இறக்கையே தேவையில்லை.

ஆகவே தங்கும் உயரத்தை இன்னும் உயர்த்த முயல்வோரின் பணியே எனக்கு அதிக ஆர்வம் தருகிறது. ஆளில்லாத, சூரிய மின்சாரத்தில் இயங்கிய ஹீலியோஸ், 75 மீட்டர் நீள இறக்கையோடும் 14 சுழல்விசிறிகளோடும் 2001-இல் 29,524 மீட்டர் வரை ஏறியது; விரைந்து செல்லாமல் எடையைக் குறைத்து இறக்கையைப் பெருக்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது காட்டியது. மனிதரைச் சுமந்து அதே பாதையில் செல்வது எஞ்சினே இல்லாத பெர்லான் 2 கிளைடர். ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டும் பலத்த காற்று அலையலையாக மேலெழும். குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி உயரே வீசும் துருவச் சுழலின் வேகக்காற்று அந்த அலைகளை அடுக்கு மண்டலத்துக்குள்ளும் வளரவிடும். 2018 செப்டம்பர் 2 அன்று அர்ஜென்டினாவின் எல் கலஃபாதேயிலிருந்து கிளம்பிய ஜிம் பெய்னும் டிம் கார்ட்னரும், இழுவை விமானத்திலிருந்து பிரிந்தபின் அந்த மேலெழும் காற்றைப் பற்றியே, காற்றழுத்தக் கணக்கில் 76,124 அடி, அதாவது 23 கி.மீ.க்குச் சற்று மேல் ஏறினர். யு-2-வைச் சூழ்ந்த அதே இரண்டு எல்லைகள் இதற்கும் உண்டு. கூடவே, உண்மையான வேகம் மிகும்போது நீண்ட இறக்கை படபடத்து உடையும் அபாயமும் உண்டு. அவர்களுடைய அடுத்த இலக்கான 90,000 அடி, எஸ்.ஆர்.-71-இன் 25,929 மீட்டரைவிட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி அங்கே தரையில் இருப்பதில் சுமார் நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. தரையருகே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிடைக்கும் தூக்குவிசையைப் பெற, அந்தக் கிளைடர் அங்கே மணிக்கு 660 கி.மீ. வேகத்தில் பறந்தாக வேண்டும்.