மாறுகண்ணோடு வாழும் பெரியவர்களுக்கு உள்ள உரிமைகள்: சுங்கை சிப்பூட் வட்டாரத்தாருக்கான விளக்கம்

மாறுகண்ணைச் சிறு வயதிலேயே சரிசெய்திருக்க வேண்டும், வளர்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணம் நம் தோட்டப்புறங்களில் இன்னும் வேரூன்றியிருக்கிறது. இது தவறு. பெரியவர்களுக்கும் பட்டகக் கண்ணாடி (ஒளியைத் திருப்பி இரட்டைப் பார்வையைக் குறைக்கும் கண்ணாடி), ஊசி மருந்து, கண் தசை அறுவைச் சிகிச்சை ஆகியவை உண்டு. இவற்றை வெறும் அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்குவதும் சரியன்று. பெரியவர்களின் மாறுகண் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்பதை அளக்க 2009-இல் உருவாக்கப்பட்ட 20 கேள்விகள் கொண்ட படிவத்தில், பாதிக் கேள்விகள் மனநிலையையும் பிறரோடு பழகுவதையும் பற்றியவை. மறுபாதி பார்வையின் பயன்பாட்டைப் பற்றியவை. பிறர் முகத்தை நேராகப் பார்க்கத் தயங்குவதும், படிக்கட்டில் கால் வைக்க இடம் தெரியாமல் தடுமாறுவதும் ஒரே நோயின் இரு பக்கங்கள்.

மலேசியாவில் மாறுகண் சிகிச்சைக்கென்று தனிப் பெயரில் அரசுத் திட்டம் ஏதுமில்லை. சுகாதார அமைச்சின் வழக்கமான சேவைகளே வழி. குடிமக்கள் அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, கண் நிபுணருக்கான பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். சுங்கை சிப்பூட்காரர்களை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே தொடர் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட் கட்டணம். தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கே 30 ரிங்கிட் ஆகும் என்பதால், அரசு கிளினிக் வழியாகச் செல்வதே நல்லது.

மருத்துவரிடம் என்ன சொல்கிறோம் என்பது இங்கே மிக முக்கியம். "கண் கோணலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் கடிதத்திலும் அவ்வளவுதான் இருக்கும். பொருள் இரண்டாகத் தெரிகிறதா, ஒரு கண்ணைக் கையால் மூடினால் அது ஒன்றாகிறதா, நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலையை அறுக்கும்போது குறி தவறுகிறதா, தலைவலி வருகிறதா, ஆட்களைப் பார்க்கக் கூசி வேலைத் தேர்வுக்கும் விசேஷங்களுக்கும் போகாமல் இருக்கிறீர்களா என்பதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நிபுணர் சிகிச்சையைத் தீர்மானிப்பது இவற்றைக் கொண்டுதான்.

பெரியவருக்குத் திடீரென்று கண் விலகிப் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், முறை வரும்வரை காத்திருக்கக் கூடாது. கடும் தலைவலியோ இமை தொங்குவதோ சேர்ந்திருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கண்ணை அசைக்கும் நரம்பு நீரிழிவாலும் இரத்த அழுத்தத்தாலும் செயலிழக்கலாம். அவ்வாறு நேர்ந்தது பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும் என்றாலும், காரணத்தை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். குறைந்த வருமானத்தாருக்கான எஸ்.டி.ஆர். அரசு உதவித்தொகை பெறுவோரும் அவர்களின் துணைவரும் 40 வயது நிறைந்திருந்தால், பெக்கா பி40 என்னும் அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் நீரிழிவு போன்றவற்றைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் மனநலப் பரிசோதனையும் இலவசம். தோட்டத்தில் இதைப் பயன்படுத்திக்கொள்ளாத குடும்பங்கள் இருப்பது வருத்தமளிக்கிறது.

வேலையிடத்தில் தலையில் அடிபட்டோ, வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ கண் விலகியிருந்தால், அது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காப்புக்குள் வரும். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொல்லிவிட்டதோடு நிற்காமல், அறிவித்தார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். மருத்துவச் சான்று குறைந்தது 4 நாளுக்கு இருந்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப் படியாகக் கிடைக்கும். சிகிச்சைக்குப் பிறகும் இரட்டைப் பார்வை நீடித்தால், நிரந்தர ஊனத்துக்கான மதிப்பீட்டை மருத்துவ வாரியத்திடம் கோரலாம். நரம்பு பாதிப்பில் கண்ணின் கோணம் நிலைபெற ஏறத்தாழ ஆறு மாதம் காத்திருந்த பிறகே அறுவைச் சிகிச்சை செய்வது வழக்கம் என்பதால், அதுவரையிலான சான்றுகள், கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு விடுப்பு கிடைக்குமா என்ற அச்சத்திலேயே பலர் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் இது சாதாரண நோய் விடுப்புக்கு மேலதிகமானது. அந்தச் சாதாரண விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காவிட்டால் அனுமதியில்லாமல் வராததாகக் கருதப்படும்.

மாறுகண்ணுக்கு மாற்றுத் திறனாளி அட்டை, அதாவது ஓ.கே.யு. அட்டை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். பார்வைப் பிரிவில் பதிவதற்கு, கண்ணாடி அணிந்தும் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐவிட (பிறர் 18 மீட்டரிலிருந்து காண்பதை 6 மீட்டரிலிருந்தே காணும் அளவு) குறைந்திருக்க வேண்டும், அல்லது பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, மிகவும் சுருங்கியிருக்க வேண்டும். ஒரு கண் நன்றாகத் தெரிகிற மாறுகண்காரருக்குப் பொதுவாக அந்த அட்டை கிடைக்காது. ஆனால் மேலே சொன்ன சிகிச்சைக்கோ, விடுப்புக்கோ, சொக்சோ கோரிக்கைக்கோ அந்த அட்டை தேவையில்லை.